உங்களுக்குத் தெரியுமா? நெயில் பாலிஷ் நிற்பதும் பெயர்வதும்

★ பார்லரில் மேனிக்யூர் என்றால் முதல் வேலை, ஷாம்பு கலந்த வெந்நீர்க் கிண்ணத்தில் விரல்களை ஊறவைப்பது. கைக்கு அது சுகம். நெயில் பாலிஷுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. நகம் தொட்டால் கெட்டியாக இருக்கிறதே தவிர, தண்ணீரைத் தோலைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய நகம் உப்பி, அகன்று, வளைவு குறைந்து கொஞ்சம் தட்டையாகிவிடும். அந்த நேரத்தில் பாலிஷ் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். நகம் காய்ந்து பழைய அளவுக்குச் சுருங்குகிறது. மேலே உறைந்துவிட்ட பாலிஷ் கூடவே சுருங்குவதில்லை, பிடி தளர்கிறது. ஈரச் சுவரில் பெயிண்ட் அடித்த கதைதான். மூன்றாம் நாளே நுனி பெயர்ந்தால் பாலிஷ் கம்பெனியைக் குறை சொல்கிறோம். ஊறவைக்காமல் செய்யும் ‘ட்ரை மேனிக்யூர்’ இப்போது பல பார்லர்களில் உண்டு, கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே போடுகிறவர்கள் குளித்த கையோடும் துணி துவைத்த கையோடும் உட்கார வேண்டாம். ஒரு மணி நேரமாவது நகம் காயட்டும்.

★ நகத்தின் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதற்குள் கெராட்டின் நிறைந்த செத்த செல்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மாட்டின் கொம்பு, குளம்பு, நம் தலைமுடி எல்லாமே இதே கெராட்டின் வகையறாதான். நகத்துக்குப் பாலிஷ் வழியாக ‘சத்து’ ஊட்டுவதாகச் சொல்லும் விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் நகத்தில் உயிரில்லை.

★ தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உங்கள் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மை வைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? விரலில் எண்ணெய், கிரீஸ் மாதிரி ஏதாவது தடவியிருந்தால் முதலில் துணியால் துடைத்துவிட்டு மை வைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் வாக்குச்சாவடி அலுவலர்களுக்கே அறிவுறுத்தி வைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் மை பிடிக்காது. அழித்துவிட்டு இன்னொரு முறை ஓட்டுப் போட வந்துவிடலாம் என்பதுதான் காரணம். 1962 பொதுத்தேர்தலிலிருந்து புழங்கும் அந்த மையைத் தயாரிப்பது மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம். அதில் இருப்பது சில்வர் நைட்ரேட்.

நெயில் பாலிஷுக்கும் அதே சட்டம்தான். தேங்காயெண்ணெய், ஹேண்ட் கிரீம், காலையில் சாப்பிட்ட தோசையின் பிசுக்கு எது நகத்தின் மேல் இருந்தாலும் பாலிஷ் நகத்தைத் தொடாமல் அந்தப் பிசுக்கின் மேல்தான் உட்காரும். பழைய பாலிஷே இல்லாவிட்டாலும், போடுவதற்கு முன் ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒரு முறை துடையுங்கள். ரிமூவரில் எண்ணெய், வைட்டமின் என்று ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் படலம் விட்டுவிடும். அப்போது சர்ஜிக்கல் ஸ்பிரிட் நல்லது. துடைத்த பிறகு தலைமுடியை ஒதுக்குவதும் முகத்தைத் தடவுவதும் வேண்டாம். இந்த ஒரு வேலைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. பாலிஷ் நீடிக்க ஒரே ஒரு யோசனைதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

★ பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் நெயில் பாலிஷுக்கு ஒரு வேலை உண்டு. இலையின் அடிப்புறத்தில் நிறமில்லாத பாலிஷை மெல்லப் பூசி, காய்ந்ததும் செல்லோடேப் ஒட்டி உரித்தால் இலைத்துளைகளின் அச்சு அப்படியே படலத்தோடு வந்துவிடும். அதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். அவ்வளவு சுலபமாக உரிவதற்கு இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சும் துணை. துடைக்காத நகத்தில் பாலிஷ் ஏடாக உரிவதும் இப்படித்தான். உங்கள் பாலிஷ் நுனியில் சில்லு சில்லாக உதிர்ந்தால் அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். முழுசாக ஏடு போலக் கழன்றால் நகத்தில் பிசுக்கு இருந்திருக்கிறது, அல்லது பூச்சு தடிமனாகிவிட்டது.

★ ஐம்பது ரூபாய் பாட்டிலானாலும் ஐந்நூறு ரூபாய் பாட்டிலானாலும் சாதாரண நெயில் பாலிஷில் படலம் கட்டும் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்துச் செய்வது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருந்த வேதியியலாளர் கிறிஸ்டியன் ஷோன்பைன் 1846-இல் இதை அறிவித்தபோது, புகையில்லாமல் வெடிக்கும் ‘வெடிபஞ்சு’ என்றுதான் உலகம் இதைப் பார்த்தது. பிறகு இதுவே சினிமா ஃபிலிம் ஆயிற்று. பழைய தமிழ்ப் படங்கள் பல இன்று பார்க்கக் கிடைக்காமல் போனதற்கு, எளிதில் தீப்பிடிப்பதும் வைத்த இடத்திலேயே மக்குவதுமான இந்த ஃபிலிமின் குணமும் ஒரு காரணம். 1920களில் அமெரிக்கக் கார்களுக்குச் சட்டென்று காயும் பெயிண்டாகவும் வந்தது.

திரவ நெயில் பாலிஷை க்யூட்டெக்ஸ் நிறுவனம் 1917-இல் கடைக்குக் கொண்டுவந்தது. 1932-இல் சார்லஸ் ரெவ்சன், அவருடைய அண்ணன் ஜோசப், வேதியியலாளர் சார்லஸ் லாக்மன் ஆகிய மூவரும் நியூயார்க்கில் ரெவ்லான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதுவரை சாயம் கரைத்த, நகம் தெரியும் மெல்லிய பூச்சுகளே அதிகம். நிறமித்தூள் கலந்து நகத்தை முழுசாக மறைக்கும் பூச்சைப் பரப்பியவர்கள் இவர்கள்.

★ நைட்ரோசெல்லுலோஸ் தனியாகப் போட்டால் படலம் பளபளக்கும், ஆனால் விறைத்து நொறுங்கிவிடும். நகம் வளையும்போது கூடவே வளைய வேண்டுமே. அதற்காக இளக்கம் தரும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றுள் ஒன்று கற்பூரம். பாட்டில் பின்புறப் பட்டியலில் ‘கேம்ஃபர்’ என்று இருந்தால் அதுதான்.

★ தீ விஷயத்தில் கவனம். பாட்டிலுக்குள் இருக்கும் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் இரண்டும் ஆவியாகி எளிதில் பற்றும். ரிமூவரில் உள்ள அசிட்டோன் இன்னும் வேகம். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டோ எரியும் விளக்குக்குப் பக்கத்திலோ ஊதுபத்திக்கு எதிரிலோ பாலிஷ் போடவே கூடாது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் அறையில், விளக்குக்குப் பக்கத்திலேயே அவசர அவசரமாகப் பாலிஷ் போடுவது நடக்கும். பெரியவர்கள் யாராவது ஒருவர் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

★ பேஸ் கோட் வீண்செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் ஒட்டும் பிசின் சற்று கூடுதலாக இருக்கும். நகத்தையும் நிறத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதன் முதல் வேலை. சிவப்பு, மெரூன் போன்ற அடர்நிறச் சாயம் நகத்தில் இறங்கி மஞ்சளாகக் கறை பிடிக்காமல் தடுப்பது இரண்டாவது. கறை பிடித்துவிட்டால் தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், நகம்தான் தேயும். வளர்ந்து வெட்டும்போது தானாகப் போய்விடும்.

★ ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நிற்கும். காரணம் எளிது. பாலிஷ் காய்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவது. தடிமனாகப் போட்டால் மேல்பக்கம் முதலில் தோல் கட்டிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியே வர வழியில்லாமல் கொப்புளமாக எழும்பும், அல்லது மணிக்கணக்கில் மெத்தென்றே கிடக்கும். தலையணை உறையின் நெசவு அச்சாகப் பதிந்து காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு இது புரியும்.

பூசும் விதத்தைச் சொல்கிறேன். பிரஷ்ஷை வெளியே எடுக்கும்போது ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் நன்றாக வழித்துவிடுங்கள். மறுபக்க நுனியில் சிறு சொட்டு நிற்கட்டும். அந்தச் சொட்டை நகத்தின் நடுவில், அடித்தோலைத் தொடாமல் கொஞ்சம் முன்னால் வையுங்கள். பிரஷ்ஷை லேசாக அழுத்தினால் மயிர்கள் விசிறியாக விரியும். அப்படியே அடியை நோக்கி மெல்லத் தள்ளி, தோலுக்கு ஒரு முடி இடைவெளி இருக்கும்போது நிறுத்தி, அங்கிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றே இழுப்பு. பாதி காய்ந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினால் வரி வரியாகிவிடும். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத் தெரிந்தால் பதற்றம் வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். இரண்டாவது அதை மூடிவிடும். நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

★ அந்த ஒரு முடி இடைவெளி அழகுக்காக மட்டும் சொன்னதில்லை. தோலில் வழிந்த பாலிஷ் முதலில் அங்கேதான் தூக்கும். தூக்கிய இடத்தில் தண்ணீர் நுழையும். பிறகு ஓரம் முழுவதும் கழன்றுவரும். வழிந்துவிட்டால் காய்வதற்குள் ரிமூவரில் தோய்த்த மெல்லிய குச்சியால் துடைத்துவிடுங்கள்.

★ நுனியை மூடுவதை மறந்துவிடாதீர்கள். நகத்தின் மேற்பரப்பில் பூசிவிட்டு, பிரஷ்ஷைக் கிடையாகப் பிடித்து நகநுனியின் விளிம்பிலும் ஒரு கோடு இழுக்க வேண்டும். பேஸ் கோட், நிறம், டாப் கோட் மூன்றிலும். விரல் எதன்மேல் பட்டாலும் முதல் அடி விழுவது அந்த விளிம்பில்தான். மூடாமல் விட்டால் ஒரே நாளில் நுனியில் ஊசி அகலத்துக்கு வெள்ளைக் கோடு தெரியும். பாலிஷ் பின்வாங்கத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. அந்தக் கோடு தெரிந்த அன்றைக்கே அதன்மேல் கொஞ்சம் டாப் கோட் தடவினால் இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

★ சீக்கிரம் காயும் டாப் கோட்டுகள் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது அடியிலுள்ள நிறத்தையும் நுனியிலிருந்து இழுத்துவிடும். அவசரத்துக்கு வாங்குகிறவர்கள் விளிம்பை இருமடங்கு கவனத்தோடு மூடுங்கள்.

★ ஐஸ் தண்ணீரில் விரலை முக்கினால் பாலிஷ் காய்ந்துவிடும் என்பார்கள். குளிரில் படலம் விறைக்கும், தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் குளிரில் கரைப்பான் இன்னும் மெதுவாகத்தான் ஆவியாகும். கையை எடுத்துச் சூடேறியதும் பழைய நிலைக்கே வந்துவிடும். மின்விசிறிக் காற்று உதவும், கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும். ஹேர் டிரையரின் சூட்டுக்காற்று வேண்டவே வேண்டாம். கால் மணியில் தொட்டால் ஒட்டாது; ஆனால் படலம் முழுதாக இறுகப் பல மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரத்துக்கு வெந்நீர் படாமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரவு சாப்பிட்டுப் பாத்திரமெல்லாம் ஒழித்துப்போட்டுவிட்டு, படுக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது போடுவது நல்ல நேரம்.

★ ஐப்பசி மழையில் சென்னையில் போட்ட பாலிஷ் சில நேரம் பால் பூத்தாற்போல் மங்கிவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. மர வார்னிஷ் அடிக்கும் தச்சர்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். மழை நாளில் அவர்கள் வேலையைத் தள்ளிவைப்பார்கள். அடைமழை நாளில் நீங்களும் தள்ளிப்போடலாம்.

★ பாட்டிலை ஆட்டினால் ‘கடகட’ என்று கேட்பது சிறு எஃகு மணி. நிறமித்தூள் அடியில் தங்காமல் கலக்க அது. ஆனால் நிறமி தங்காமல் தாங்கிப் பிடிப்பதில் பெரும்பங்கு ஒரு களிமண்ணுக்கு. ‘ஹெக்டரைட்’ என்ற அந்தக் களிமண், கலிஃபோர்னியாவில் ஹெக்டர் என்ற ஊரில் கிடைப்பது. சும்மா வைத்திருந்தால் பாலிஷைக் கூழாக இறுக வைக்கும். கலக்கினாலும் பிரஷ்ஷால் இழுத்தாலும் நீர்த்து ஓட விடும். நகத்தில் நின்றதும் மறுபடி இறுக்கும். வழியாமல் பரவுவதற்கு அதுவே காரணம். பாட்டிலை ஓங்கி ஆட்டாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். காற்றுக்குமிழி குறையும்.

★ அயோவாவைச் சேர்ந்த வில்லியம் பீன் என்ற மருத்துவர் 35 ஆண்டுகள் தன் கட்டைவிரல் நகம் வளர்வதை அளந்து வந்தார். மாதத்தின் முதல் நாள் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கோடு போடுவார். அது நுனிக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்று குறித்துவைப்பார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம், 67 வயதில் 0.095 ஆகக் குறைந்திருந்தது. 1980-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு மனிதர் தன் நகத்தின் மேல் இவ்வளவு பொறுமையை வைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நமக்கு இதில் உபயோகமும் உண்டு. கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் வளர்கிறது. ஆக, எவ்வளவு கெட்டியான பாலிஷானாலும் பத்து நாளில் அடியில் ஒரு மில்லிமீட்டர் வெறும் நகம் தெரியத்தான் செய்யும். நகத்தின் நிறத்துக்கு நெருங்கிய வெளிர் இளஞ்சிவப்பு, தோல்நிறப் பாலிஷ்களில் அந்த இடைவெளி கண்ணில் படாது.

★ கால்நகம் கைநகத்தின் பாதி வேகத்தில்தான் வளரும். பாத்திரமும் தேய்ப்பதில்லை, டைப்பும் அடிப்பதில்லை. காலில் போட்ட பாலிஷ் மாதக்கணக்கில் நிற்பதன் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் நிற்கிறதே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. வெகுநாள் பாலிஷ் கிடந்த நகத்தில் மேலடுக்குக் கெராட்டின் பெயர்ந்து வெள்ளைத் திட்டுகள் விழும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால்நகத்தின் நிறமாற்றத்தைக் கவனிக்க வேண்டியவர்கள் என்பதால், அவ்வப்போது வெறும் நகமாக விட்டுப் பார்ப்பது நல்லது.

★ நம் சமையலறை நெயில் பாலிஷுக்குக் கடினமான இடம். அரிசி களைவதிலிருந்து மாவு கரைப்பது வரை எல்லாமே தண்ணீர் வேலை. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து நகம் நாள் முழுக்க உப்பிச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி நாரும் சபீனாவும் விளிம்பைச் சுரண்டுகின்றன. பாத்திரம் தேய்க்க ரப்பர் கையுறை போட்டுக்கொள்வதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். எந்த டாப் கோட்டும் அதற்கு ஈடாகாது. பூண்டு உரிப்பது, சீல் வைத்த டப்பாவைத் திறப்பது, ஸ்டிக்கர் சுரண்டுவது இதற்கெல்லாம் நகநுனியைக் கருவியாக்க வேண்டாம். ஸ்பூன் காம்பு இருக்கிறது.

இன்னொன்று மஞ்சள். வெள்ளை, வெளிர்நிறப் பாலிஷ் போட்டுக்கொண்டு சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிட்டால் மஞ்சள்தூளின் குர்குமின் பூச்சிலேயே ஏறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவினால் சில நேரம் செம்மஞ்சளாகத் தெரியும். சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவக்கும், குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். குர்குமின் வெயிலில் வெளுக்கும் என்பதால் கொஞ்ச நேரம் வெயிலில் கைவேலை செய்தால் கறை மங்கும். கையால் சாப்பிடுகிறவர்கள் வலது கைக்கும் சேர்த்து யோசித்து நிறம் எடுப்பது புத்திசாலித்தனம்.

★ கொசு விரட்டிக் களிம்பு தடவிய கையால் நெயில் பாலிஷ் பிசுபிசுத்துப்போனால் ஆச்சரியப்படாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள ‘டீட்’ என்ற பொருள் பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கக்கூடியது. புறங்கையால் தடவுங்கள். சானிடைசரை அடிக்கடி போட்டாலும் பளபளப்பு மங்கும், அதிலுள்ளது ஆல்கஹால்.

★ கூர்முனை நகத்தைவிட ஓரம் உருட்டிய நகத்தில் பாலிஷ் அதிகநாள் நிற்கும். கூரான மூலை எதிலாவது மாட்டும். மாட்டிய இடத்தில் பெயரும். அரம் தேய்க்கும்போது முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே திசையில் தேயுங்கள். நகத்தடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை, பார்லரில் க்யூட்டிக்கிள் என்பார்கள், அதை வெட்டச் சொல்லாதீர்கள். கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்கும் மூடி அது. ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும்.

★ பாலிஷ் முழுதாக இறுகிய பிறகு எண்ணெய் தடவலாம், தடவவும் வேண்டும். முன்னால் எதிரியாக இருந்த எண்ணெய் பின்னால் நண்பன். இரவில் ஒவ்வொரு நகத்தடியிலும் ஒரு துளி தேங்காயெண்ணெயோ பாதாம் எண்ணெயோ தேய்த்துவிட்டால் நகம் வறண்டு ஏடாகப் பிளக்காது. நகம் பிளக்கவில்லை என்றால் மேலிருக்கும் பாலிஷும் பிளக்காது. மூன்று நாளுக்கு ஒரு முறை டாப் கோட் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு. ஆனால் அன்றைக்கு அதற்கு முன்னால் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

★ மருதாணி பெயராது, உரியாது. காரணம், அதன் சாயமான ‘லாசோன்’ நகத்தின் மேல் உட்காராமல் கெராட்டினோடு சேர்ந்துகொள்கிறது. தோலில் இட்டது சில வாரத்தில் போய்விடும், நகத்தில் ஏறியது நகம் வளர்ந்து வெட்டும்வரை இருக்கும். கைக்கு மருதாணி வேண்டும், நகம் மட்டும் சிவக்க வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே நிறமில்லாத பாலிஷை நகத்தில் பூசிக்கொள்ளலாம். சாயம் உள்ளே போகாது. மறுநாள் ரிமூவரால் எடுத்துவிடலாம். மருதாணியும் வேண்டும் பாலிஷும் வேண்டும் என்றால் மருதாணி முதலில். அதோடு சேர்க்கும் நீலகிரித் தைலமெல்லாம் போகத் துடைத்துவிட்டு, அடுத்த நாள் பாலிஷ்.

★ தொழுகைக்கு முன் ஒளுச் செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் முஸ்லிம் பெண்கள் பலர் மருதாணி இடுவார்கள், பாலிஷைத் தவிர்ப்பார்கள். போலந்தைச் சேர்ந்த இங்லாட் நிறுவனம் காற்றும் நீராவியும் ஊடுருவும் பாலிஷ் ஒன்றைக் கொண்டுவந்தபோது உலகெங்கும் முஸ்லிம் பெண்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். அது ஒளுவுக்குப் போதுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. உங்கள் ஊர் ஆலிமாவிடம் கேட்டுக்கொள்வது முறை.

★ இரண்டு வாரம் அசையாமல் நிற்பது ஜெல் பாலிஷ். அது காய்வதே இல்லை, இறுகுகிறது. புற ஊதா விளக்கின் அடியில் கையை வைத்ததும் அதிலுள்ள அக்ரிலேட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. அழகுதான், ஆனால் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போடுங்கள். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அக்ரிலேட் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பல் அடைக்கும் பொருளிலும் எலும்பு அறுவையில் பயன்படும் சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருப்பதால் பின்னால் சிக்கல் வரும். ஆகவே தோலில் வழியவே கூடாது. வீட்டில் கிட் வாங்கிப் போடுகிறவர்கள் அந்த ஜெல்லுக்கு அந்தக் கம்பெனி சொன்ன விளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, புற ஊதாக் கதிர். விளக்குக்குக் கையைக் கொடுப்பதற்கு முன் சன்ஸ்கிரீன் தடவுங்கள், அல்லது விரல்நுனி வெட்டிய கையுறை போடுங்கள் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அடுத்தது, ஜெல்லைப் பிய்த்து எடுப்பது. ஓரம் தூக்கியதும் கை தானாக அங்கே போகும். பிய்த்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும். அடுத்த பல மாதங்களுக்கு அந்த நகத்தில் எதுவும் நிற்காது. அசிட்டோன் பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் தானாக நெகிழும்.

★ ஜெல்லை இறுக வைக்க உதவும் ‘டி.பி.ஓ.’ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் தடைசெய்திருக்கிறது. விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடியது என்று அங்கே வகைப்படுத்தியிருப்பதே காரணம். பார்லரில் பாட்டிலைக் காட்டச் சொல்லிப் படித்துப் பார்ப்பதில் தப்பே இல்லை.

★ ‘3-ஃப்ரீ’ என்று பாட்டிலில் போட்டிருந்தால் ஃபார்மால்டிஹைடு, டொலுயீன், டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லை என்று பொருள். 5, 10 என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. எதெது இல்லை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாதம் ஒரு முறை போடுகிற நமக்கு இது சின்ன விஷயம். நாள் முழுக்க மூடிய ஏ.சி. அறையில் உட்கார்ந்து பிறர் நகத்துக்குப் பூசும் பெண்களுக்கு அப்படியில்லை. அந்த ஆவி முழுவதும் அவர்கள் மூச்சில்தான் போகிறது. சன்னலும் எக்ஸாஸ்ட் விசிறியும் உள்ள பார்லரைத் தேடிப் போவது அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

★ அறுவை சிகிச்சைக்கோ ஆஸ்பத்திரியில் சேரவோ போகிறீர்கள் என்றால் பாலிஷைக் கலைத்துவிட்டுப் போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிறது. கறுப்பு, நீலம் போன்ற அடர்நிறம் அளவைக் குழப்பக்கூடும். நகம் நீலம் பாய்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று டாக்டர் கண்ணால் பார்ப்பதற்கும் அது வெறும் நகமாக இருக்க வேண்டும்.

★ செயற்கை நகம் ஒட்டும் பசையும், உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவும் பருத்திப் பஞ்சில் பட்டால் சட்டென்று சூடேறும். தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடு. சிந்திய பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கவே கூடாது.

★ நகம் கடிக்கும் பழக்கத்தை நிறுத்தவும் ஒரு பாலிஷ் உண்டு. அதிலுள்ள ‘டெனடோனியம்’ உலகின் மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று. 1958-இல் எடின்பரோவின் ஒரு நிறுவனத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்தது. இதைப் பூசிய கையோடு சப்பாத்தி மாவு பிசைந்தால் வீடே கசக்கும்.

★ பாட்டிலில் பாலிஷ் கெட்டியாகிவிட்டால் ரிமூவரை ஊற்றி இளக்காதீர்கள். அசிட்டோன் கலந்த பாலிஷ் சீராகப் பரவாது, நிற்கவும் நிற்காது. எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் கலந்த நெயில் பாலிஷ் தின்னர் என்று தனியாக விற்கிறது. இரண்டு மூன்று சொட்டு விட்டு உருட்டினால் போதும். பெரும்பாலும் கெட்டியாவதற்குக் காரணம் பாட்டில் கழுத்தில் காய்ந்து படிந்த பாலிஷ்தான். அது இருக்கும்வரை மூடி சரியாக உட்காராது, காற்று போய்வரும். ஒவ்வொரு முறை போட்டு முடித்ததும் ரிமூவர் நனைத்த பஞ்சால் கழுத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு மூடுங்கள். வெயில் படாத, அடுப்புக்குத் தூரமான அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். நிறம் பிரிந்து உருட்டியும் சேராவிட்டால், நூல் நூலாக இழுத்தால், அந்தப் பாட்டிலை விட்டுவிட வேண்டியதுதான்.